ஊர்ப் பள்ளிக்கு ஊர் வேண்டும்

(திண்டிவனத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் காலை எட்டு மணிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், வழியெல்லாம் மஞ்சள் வண்டிகள்தான். விக்கிரவாண்டி, மயிலம் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தனியார் பள்ளிகளுக்குப் போகிற வேன்களும் பேருந்துகளும். பள்ளி வண்டிக்கு அந்த மஞ்சள் நிறம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், பிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதுவரை அமெரிக்க நாட்டுப்புறப் பிள்ளைகள் கிடைத்த வண்டியில் பள்ளிக்குப் போனார்கள். சில இடங்களில் கோதுமை ஏற்றும் குதிரை வண்டியில்கூடப் போனார்கள். வண்டியின் உயரம், அகலம் எல்லாவற்றுக்கும் அந்த மாநாடு ஓர் அளவு வகுத்தது. இருள் பிரியாத நேரத்திலும் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்பதற்காக மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வண்டி யாருக்காக உண்டானது? அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்காக. இன்றும் அமெரிக்காவில் மஞ்சள் வண்டி என்றால் அது ஊரின் பொதுப் பள்ளிக்கூடத்து வண்டி. நம் சாலையில் அதே மஞ்சள் வண்டி, அரசு மேல்நிலைப் பள்ளியின் வாசலைத் தாண்டிக்கொண்டு வேறெங்கோ போகிறது. ஏன் இப்படி ஆனது, இதை எப்படித் திருப்புவது என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

அமெரிக்காவில் பெருநகரத்தை ஒட்டிய ஒரு புறநகரை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மென்பொருள் வேலைக்குப் போய் அப்படிப்பட்ட ஊர்களில்தான் குடியிருக்கிறார்கள். அங்கே வீடு பார்க்கும்போது அவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் வருமா என்றல்ல. இந்த வீடு எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்றுதான் கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த எல்லைக்குள் இருக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. பள்ளியை நடத்தப் பெரும்பாலான இடங்களில் ஊர் மக்களே வாக்களித்து ஒரு கல்விக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழுதான் ஆசிரியரை நியமிக்கிறது, வரவு செலவுத் திட்டத்தை ஊர் முன்னால் வைக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக் கால்பந்தாட்டத்துக்கு, அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்காத கிழவரும் போய் உட்காருகிறார், ஏனென்றால் அது அவருடைய ஊர்ப் பள்ளி.

இது வானத்திலிருந்து விழவில்லை. 1910இல் அமெரிக்காவில் பதினெட்டு வயது ஆனவர்களில் உயர்நிலைக் கல்வியை முடித்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். 1940இல் பாதிப்பேர் முடித்திருந்தார்கள். முப்பதே ஆண்டு. பொருளியலில் 2023ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இந்த வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தவர். அவர் காட்டும் செய்தி ஒன்று என்னை மிகவும் பாதித்தது. இதில் முன்னே நின்றவை பெருநகரங்கள் அல்ல. மக்காச்சோளமும் கோதுமையும் விளைகிற உள்நாட்டு மாநிலங்களின் சிற்றூர்கள். எங்கள் ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று அந்த ஊர்கள் தங்கள் மீது தாங்களே வரி போட்டுக்கொண்டன. திண்டிவனம் போன்ற ஊர்கள், செஞ்சி போன்ற ஊர்கள், என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் பெரிய அநீதி ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் புகழ்ந்தால் அது பாதி உண்மைதான். பள்ளியின் பணத்தில் பெரும்பங்கு அந்த ஊரின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீடு விலை போகும் ஊரில் பள்ளி செழிக்கும், ஏழைகள் ஊரில் மேற்கூரை ஒழுகும். அந்தச் செழிப்பான புறநகர்களுக்குள் எல்லோரையும் குடியேற விட்டார்களா என்றால், இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூயார்க்கை ஒட்டி எழுந்த புகழ்பெற்ற லெவிட்டவுன் குடியிருப்பில் கறுப்பின மக்களுக்கு வீடு கொடுக்க மறுத்தார்கள். கறுப்புப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை என்று தனித்தனிப் பள்ளி வைக்கக் கூடாது என்று 1954இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குடியிருப்பே பிரிந்து கிடந்தால் பள்ளியும் பிரிந்துதானே கிடக்கும்?

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரத் தொழிலாளி இருந்தார். மெக்சிகோ வழி வந்த குடும்பம். தன் பிள்ளைகள் படிக்கும் எட்ஜ்வுட் பகுதிப் பள்ளிக்கும், அதே நகரின் பணக்காரப் பகுதிப் பள்ளிக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று 1968இல் வழக்குப் போட்டார். எட்ஜ்வுட்காரர்கள் தங்கள் சக்திக்கு மீறி வரி கட்டினார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்கு விலையில்லை என்பதால் பள்ளிக்குப் பணம் வரவில்லை. 1973இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறு பக்கமுமாக உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. சமமான பள்ளிச் செலவை அரசியல் சாசனம் உறுதி செய்யவில்லை என்று சொல்லிவிட்டது.

இப்போது நம் பக்கம் வருவோம்.

மேல்மலையனூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தும் முதுகலை ஆசிரியருக்கும் சென்னை மயிலாப்பூரில் அதே பாடம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். புத்தகம் ஒன்றுதான், விலையில்லாமல் கொடுக்கிறார்கள். பேருந்துப் பயணம் இலவசம். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கொடுக்கிறார்கள். ரோட்ரிகஸ் நீதிமன்றத்தில் கேட்டுக் கிடைக்காத சமத்துவத்தில் ஒரு பெரும் பகுதி நமக்கு வழக்கில்லாமலே கிடைத்திருக்கிறது. பள்ளியின் பணம் ஊரின் வீட்டு வரியை நம்பியிருக்கவில்லை. மாநிலத்தின் கருவூலத்திலிருந்து வருகிறது. இதை நாம் குறைத்து மதிப்பிடவே கூடாது.

காமராசர் காலத்தில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் ஊராகக் கூட்டம். ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் பெஞ்சு செய்து கொடுத்தார், ஒருவர் கடிகாரம் மாட்டினார். அரசு ஆசிரியரையும் சம்பளத்தையும் கொடுத்தது, ஊர் பள்ளியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. அமெரிக்கச் சிற்றூரின் சொந்த உணர்வும் நம் அரசின் சமமான பணமும் ஒரே இடத்தில் சந்தித்த காலம் அது. நான் இன்று கேட்பதும் அந்தச் சந்திப்பைத்தான். புதிதாக எதையும் கேட்கவில்லை.

1978ஐயும் நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த ஆண்டு வரை பள்ளி பதினோரு ஆண்டு. அதற்கு மேல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். நம் பகுதியில் கல்லூரி என்றால் எத்தனை ஊருக்கு எட்டும்? 1978இல் மேல்நிலைக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் கல்லூரி வாசலையே பார்த்திராத ஊரில், பதினாறு வயதுப் பெண் தன் சைக்கிள் எட்டும் தூரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க முடிந்தது. இந்த மாவட்டத்தின் பெண்கள் செவிலியராக, ஆசிரியராக, காவலராக வெளியே வந்ததற்கு அந்த மேல்நிலைப் படிப்பு பெரிய காரணம். கல்வி பற்றிப் பேசும்போது அடிக்கல் நாட்டிய கட்டடங்களை நினைக்கிறோம். இந்த மாற்றத்தை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்கப் புறநகர்ப் பள்ளிக்கு மிக நெருங்கிய ஒன்று நம்மிடமே இருந்தது. விழுப்புரம் ரயில்வே பள்ளியைச் சொல்கிறேன். விழுப்புரம் சந்திப்பில் ரயில் பாதை ஐந்து திசைக்குப் பிரிகிறது: சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி, மயிலாடுதுறை. அத்தனை பாதைக்கும் வேலை செய்யும் ஆட்கள் ஒரே ஊரில் குடியிருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர், டிக்கெட் கொடுக்கிறவர், தண்டவாளம் பார்க்கிறவர், பணிமனைத் தொழிலாளி. இவர்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி. அப்பாவின் பதவி வேறு வேறாக இருந்தாலும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்பாக்கள் வேலையிடத்திலும் சந்தித்துக்கொண்டார்கள், பள்ளி வாசலிலும் சந்தித்துக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன் ப.வீரமுத்துவேல். பள்ளிக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, அதன்பின் பொறியியல் பட்டம், திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., இஸ்ரோ. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் அவர். தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அதைத் தான் படித்த கல்வி நிறுவனங்களுக்கே பிரித்துக் கொடுத்தார். நான் அவருடைய மேதைமையைப் பற்றிப் பேச வரவில்லை. அவர் போன பாதையைப் பாருங்கள். பத்தாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளையை முத்திரை குத்தி ஓரம் கட்டியிருந்தால் டிப்ளமோவிலிருந்து நிலவுக்கு ஒரு பாதை இருந்திருக்காது. எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற பள்ளி தருகிற பரிசு அது. யார் எப்போது மலர்வார்கள் என்பதை அந்தப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

திண்டிவனத்துக்கோ அமெரிக்கப் பள்ளியே நேரில் வந்தது. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், ஸ்கடர் குடும்பத்தின் மிஷன், இந்த ஊரில் காலூன்றியது. வால்டர் ஸ்கடர் பள்ளி அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் குடும்பத்தின் பெண் ஐடா, பிரசவத்தில் தவித்த மூன்று பெண்கள் ஒரே இரவில் ஆண் மருத்துவரை ஏற்க முடியாமல் இறந்ததைக் கண்டது இந்தத் திண்டிவனத்தில்தான். அவர் மருத்துவம் படித்துத் திரும்பி வேலூர் மருத்துவமனையை உண்டாக்கியதற்கு வித்து இந்த ஊர். வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தவர் பக்கத்து ஓமந்தூரின் உழவர் வீட்டுப் பிள்ளை, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. பதவியை விட்ட பின் அவர் வடலூருக்குப் போய்ப் பள்ளிகள் நடத்தினார்.

இந்த ஊரின் ரோசனையில் பேராசிரியர் பிரபா கல்விமணி நடத்திவரும் தாய்த்தமிழ்ப் பள்ளியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழ்வழியில், கட்டணமில்லாமல், ஊராரின் கொடையில் நடக்கும் பள்ளி. இருளர் பழங்குடிப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் உட்கார்ந்து படிக்கும் இடம். நாட்டிலேயே பெரிய விவாதமாகிற தாய்மொழிவழிக் கல்வியை இந்தச் சின்ன ஊர் செய்து காட்டிக்கொண்டிருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்தபோது, தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியதும் நம் மாவட்டத்தில், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்று பெயர் வாங்கிய இடம்தான் இது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 72. ஆனால் ஊரார் பள்ளிக்குள் கால் வைத்த நினைவும் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

அப்படியானால் எங்கே முறிந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். பேசத் தெரிந்தவர்கள் பள்ளியை விட்டு வெளியேறியபோது முறிந்தது. வட்டாட்சியர் அலுவலக எழுத்தர், வங்கிக் காசாளர், கடைவீதி வணிகர், அரசுப் பள்ளி ஆசிரியர், இவர்களின் பிள்ளைகள் ஒரு காலத்தில் நகராட்சிப் பள்ளியில் படித்தார்கள். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால் இவர்களில் ஒருவர் அன்று மாலையே நகராட்சியில் போய்க் கேட்டார். இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலர் அறைக்குப் போனார்கள். இப்போது அந்தப் பிள்ளைகள் மஞ்சள் வண்டியில் போகிறார்கள். மிஞ்சியிருப்பது கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை. அந்த அம்மா ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அரசு ஊழியர் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் ஓர் உத்தரவு போட்டது. கட்டாயத்தால் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த நீதிபதி நோயை எங்கே கண்டாரோ அது சரியான இடம்.

தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. ஆட்டோ ஓட்டிச் சம்பாதித்ததைக் கட்டணமாகக் கட்டும் தகப்பன் தன் பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் கட்டுகிறார். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது, நல்ல முடிவு. ஆனாலும் மதிப்பெண் போட்ட பிளக்ஸ் பலகைகள் சாலையோரத்திலிருந்து போகவில்லை. பத்தாம் வகுப்பில் தோற்பான் என்று தெரிந்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற பள்ளியால் நூற்றுக்கு நூறு காட்ட முடியும். அப்படி அனுப்பிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளி. எல்லோருக்கும் கதவு திறக்கும் பள்ளியை, கதவைத் தேர்ந்தெடுத்துத் திறக்கும் பள்ளியோடு ஒரே தராசில் நிறுத்துகிறோமே, இது நியாயமா?

இனி, இந்த அவையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியங்களுக்கு வருகிறேன்.

சட்டத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள், உள்ளாட்சி உறுப்பினர்களும் அமர்கிறார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. அமெரிக்கப் புறநகரின் கல்விக் குழுவுக்கு இருக்கும் அதிகாரம் இதற்கு இல்லை. ஆசிரியரை நியமிக்க முடியாது, வரி போட முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம், தீர்மானம் போடலாம், அதை ஆட்சியர் வரை கொண்டுபோகலாம். இந்த நகராட்சிப் பள்ளிகளில் படித்து இன்று கடை வைத்திருப்பவர்களும் ஓய்வூதியம் வாங்குபவர்களும் இங்கே நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். அந்த முன்னாள் மாணவர் நாற்காலி உங்களுடையது.

அங்கே போய் உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்பது? சோற்றைப் பற்றிக் கேளுங்கள். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு பின்னர் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. பதினொன்று, பன்னிரண்டுக்கு இல்லை. ஒரே வளாகத்தில் பத்தாம் வகுப்புப் பெண் தட்டோடு வரிசையில் நிற்கிறாள், பதினொன்றாம் வகுப்பு அக்கா வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்திருந்தால் சாப்பிடுகிறாள். அமெரிக்காவில் 1946இல் ட்ரூமன் கையெழுத்திட்ட பள்ளி உணவுச் சட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறது, ஏழைப் பிள்ளைக்கு இலவசம். சத்துணவை உலகுக்குக் காட்டிய மாநிலம் பதினாறு வயதில் தட்டை எடுத்துவிடுவது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஊர் தன் பள்ளியின் இரண்டு வகுப்புக்கு மதியச் சோறு போட முடியாதா? பசித்தவர்க்குச் சோறிடும் வடலூர் அணையா அடுப்பு எட்டும் தூரத்தில் இருக்கிற மண் இது.

அடுத்தது சூளைக்குப் போகும் பிள்ளைகள். பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்புகின்றன. கரும்பு வெட்டுக்கும் கிளம்புகின்றன. முண்டியம்பாக்கம் ஆலைக்கும் பெரியசெவலை ஆலைக்கும் போகிற கரும்பு யாரோ வெட்டியதுதானே. சூளை வேலை மழைக்கு முன் ஜூன் வரை நீளும். பொதுத்தேர்வு மார்ச்சில். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தேர்வு மாதம் முழுவதும் குடும்பம் வேறு மாவட்டத்தில் கல் அறுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையைத் தனியே விட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை, கூட்டிக்கொண்டு போனால் படிப்பு போச்சு. பள்ளியின் பதிவேட்டில் அது இடைநிற்றல் என்று பதிவாகிறது. அதைப் பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளும், இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றவை, நம் ஊர்களில் இருக்கின்றன. டிசம்பரிலேயே, குடும்பம் முன்பணம் வாங்கும் முன்பே, எந்தெந்தப் பிள்ளை சூளைக்குப் போகப்போகிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தப் பட்டியல் மேலாண்மைக் குழுவின் கைக்கு வர வேண்டும். குழு விடுதிக் காப்பாளரிடம் போக வேண்டும். இடம் இல்லை என்றால் சார் ஆட்சியரிடம் போக வேண்டும். இருளர் பிள்ளை என்றால் பழங்குடிச் சான்றிதழையும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல்தான் பன்னிரண்டு வரை வந்த பிள்ளையும் கல்லூரி வாசலில் நின்றுவிடுகிறது. 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் 2020 முதல் இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மேலே இத்தனை படி கட்டியாயிற்று. மார்ச் மாதத்தில் ஒரு பிள்ளைக்குப் படுக்க இடமும் மூன்று வேளைச் சோறும் இல்லாததால் அந்தப் படிகளில் கால் வைக்க ஆளில்லாமல் போகிறது.

ஆகவே நான் கேட்பது ஒரு பட்டியல். இந்த ஆண்டு டிசம்பர் முதல் வாரத்துக்குள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள ஒவ்வொரு அரசு, நகராட்சி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சூளைக்கும் கரும்புக்கும் போகும் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் ஒரு தாளில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பிள்ளை எங்கே தங்கும், யார் பொறுப்பு என்று ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாளில் தம் பெயரை எழுத முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்களைப் பாருங்கள்.